பழைய கமராவும் திருகுப்புரி வில்லைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பிய நகரங்களில் வார இறுதியிற் கூடும் பழம்பொருட் சந்தைகளை எமது வாசகர்கள் நன்கறிவர். குளிர்காலச் சப்பாத்து முதல் பிள்ளைகளின் சைக்கிள் வரை, புலம்பெயர்ந்த தொடக்க ஆண்டுகளில் எம்மவர்க்கு வேண்டியவற்றை மலிவாக அளித்தவை இச்சந்தைகளே. அங்கே பீங்கான் கோப்பைகளுக்கும் பழைய இசைத்தட்டுகளுக்கும் நடுவே, தோலுறையுடன் கூடிய படச்சுருட் கமராக்களை இன்றும் காணலாம். பக்கத்தில் ஒரு பெட்டியில், கமராவிலிருந்து பிரிந்த வில்லைகள் தனியே கிடக்கும். லென்ஸ் என்று பேச்சில் நாம் கூறும் இவ்வில்லைகளிற் பல, போத்தல் மூடியைப் போலத் திருகிப் பூட்டும் வகையைச் சேர்ந்தவை.

அண்மைக் காலத்தில் எமது இளையோர் சிலர் படச்சுருட் கமராவை நாடத் தொடங்கியுள்ளனர். கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கிற் படங்கள் குவிந்துகிடக்க, ஒரு சுருளுக்கு 36 படம் என்ற கட்டுப்பாடு அவர்களைக் கவர்ந்திருக்கிறது. பெற்றோருக்கோ வேறொரு காரணம் உண்டு. ஊரை விட்டு வெளியேறிய வேளையில் குடும்பப் படத்தொகுப்பை எடுத்துவர முடியாமற்போன வீடுகள் எம்மிடையே அநேகம். கையிலேந்திப் பார்க்கும் படத்தின் பெறுமதியை அவர்களுக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆகவே ‘பழைய கமராவுக்கு எந்த வில்லையை வாங்கலாம்?’ என்ற வினா இன்று எமது வீடுகளிலும் எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடுபவர், வில்லையின் முகப்பு வளையத்திற் பொறித்துள்ள பெயரை வாசிக்க அறிந்திருத்தல் வேண்டும். அப்பெயரை வாசிக்கப் புகுந்தால், போரினாலும் நாட்டுப் பிரிவினையினாலும் இடம்பெயர்க்கப்பட்ட மனிதரின் வரலாற்றையே வாசிக்க நேர்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, வில்லையைத் தெரிவு செய்வதற்கு அது எவ்வாறு துணைபுரியும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வெற்ஸ்லார் நகரின் 39 மில்லிமீற்றர்

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் ஏர்ன்ஸ்ட் லைற்ஸ் நிறுவனம் நுணுக்குக்காட்டிகளைச் செய்துவந்தது. அங்கு பணிபுரிந்த ஒஸ்கார் பார்னக் என்பவர், சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு கமரா ஒன்றை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே உருவாக்கியிருந்தார். லைக்கா என்ற பெயரில் அது 1925இல் சந்தைக்கு வந்தது. 1930இல் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்கென வகுக்கப்பட்ட திருகுப்புரியின் விட்டம் 39 மில்லிமீற்றர்; அங்குலத்துக்கு 26 சுற்று. அடுத்த ஆண்டளவில், வில்லை அமரும் விளிம்பிலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரமும் 28.8 மில்லிமீற்றர் என நிலைநிறுத்தப்பட்டது. அதன் பயனாக எந்த லைக்கா வில்லையையும் எந்த லைக்காவிலும் பூட்ட முடிந்தது. பின்னாளிற் பிற நாடுகளின் நிறுவனங்களும் அதே அளவைக் கைக்கொண்டன.

நாட்சிகள் 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், நிறுவனத்தின் தலைவராயிருந்த இரண்டாம் ஏர்ன்ஸ்ட் லைற்ஸ், தம்மிடம் பணிபுரிந்த யூதர்களையும் அவர்தம் உறவினரையும் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பும் பெயரில் நாட்டைவிட்டு வெளியேற உதவினார். நியூயோர்க் கிளை அவர்களுட் பலருக்குப் புகலிடமாயிற்று. அவருடைய மகள் எல்சி, யூதப் பெண்ணொருவர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் செல்வதற்கு உதவியமைக்காக 1943இற் கெஸ்டாப்போவினாற் சிறையிடப்பட்டார். அதே தொழிற்சாலையிற் போர்க்காலத்திலே கிழக்கு நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் கட்டாய உழைப்பாளராக வேலைவாங்கப்பட்டனர் என்பதையும் இங்கு மறைத்தலாகாது. ஒரே கூரையின் கீழ் அடைக்கலமும் அடிமைத்தனமும் இருந்தன.

கார்கிவ் நகரின் அநாதைச் சிறார்

லைக்காவின் வெற்றியைக் கண்ட சோவியத் ஒன்றியம், அதைப் போன்றதொரு கமராவைத் தானும் செய்ய விரும்பியது. அப்பணி ஒப்படைக்கப்பட்ட இடம் உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்த ஒரு தொழிற் குடியிருப்பு. உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் அலைந்த சிறாருக்கென 1927இல் அது தொடங்கப்பட்டது. கல்வியாளர் அன்ரன் மக்கரென்கோ அதனை வழிநடத்தினார். சிறுவர் சிறுமியர் முதலில் மின்துளைக்கருவிகளைச் செய்து பழகினர். பின்னர் 1934 முதல், இரண்டாம் மாதிரி லைக்காவைப் பார்த்துச் செய்த கமரா அங்கு தொடர்ச்சியாக உற்பத்தியாயிற்று. இரகசியப் பொலிசின் நிறுவுநரான பீலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துக்களைக் கொண்டு ‘பெட்’ என அதற்குப் பெயரிடப்பட்டது. 1941இல் நாட்சிப் படைகள் நெருங்கிய வேளையில் அத்தொழிற்சாலையே பெயர்த்தெடுக்கப்பட்டுச் சைபீரியாவின் பேர்ட்ஸ்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

வாங்குபவர் இதிலிருந்து அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. போருக்கு முந்திய பெட் கமராக்களில் ஒவ்வொரு வில்லையும் அதனதன் கமராவுக்கென்றே அளந்து பொருத்தப்பட்டது. எனவே அக்கால வில்லையைப் பிறிதொரு கமராவில் திருகினால், புரி பொருந்தினும் குவியம் பிழைக்கக்கூடும். போருக்குப் பிந்தியவையே பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றவை.

டிரெஸ்டனில் 42 மில்லிமீற்றர் பிறத்தல்

வெற்ஸ்லாரின் புரி சிறு கமராக்களுக்குப் போதுமானதாயிருந்தது. ஆனால் வில்லையினூடாகவே காட்சியை நோக்க உதவும் கண்ணாடிக் கமராவில், வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையில் ஓர் ஆடி எழுந்து தாழ வேண்டும். அதற்குக் கூடுதலான இடமும் அகன்ற புரியும் தேவைப்பட்டன. இத்தேவையை நிறைவேற்றிய நகரம் டிரெஸ்டன்.

அந்நகரில் பவுல் கூதே, பென்னோ தோர்ஷ் ஆகிய இருவரும் 1919இல் ஒரு கமராப் பட்டறையைத் தொடங்கியிருந்தனர். யூத வழியினரான தோர்ஷுக்கு நாட்சிகளின் ஆட்சியில் அங்கு வாழ இயலாத நிலை ஏற்பட்டது. 1938இல், அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிற் படம் கழுவும் தொழில் நடத்திய சார்ள்ஸ் நோபிள் என்ற ஜேர்மானிய அமெரிக்கருடன் அவர் ஒரு மாற்று உடன்பாட்டுக்கு வந்தார். டிரெஸ்டன் பட்டறை நோபிளுக்கு. அமெரிக்கத் தொழில் தோர்ஷுக்கு. ஒருவர் உயிர் தப்பி மேற்கே போக, மற்றவர் குடும்பத்தோடு கிழக்கே வந்தார்.

1945 பெப்ரவரியில் நிகழ்ந்த குண்டுவீச்சு டிரெஸ்டன் நகரைச் சாம்பலாக்கியது. போர் முடிந்த அவ்வாண்டிலேயே சோவியத் அதிகாரிகள் சார்ள்ஸ் நோபிளையும் அவருடைய மகன் ஜோனையும் கைதுசெய்தனர். தந்தை 1952இல் விடுதலையானார். மகனோ முன்னர் நாட்சிகளின் வதைமுகாமாயிருந்த புகன்வால்டிலும், பின்னர் வட துருவ வட்டத்தை அண்டிய வொர்குத்தாச் சுரங்க முகாமிலும் அடைபட்டு, அமெரிக்க அரசின் தலையீட்டினால் 1955 ஜனவரியிலேயே மீண்டார். ஜேர்மனி 1990இல் ஒன்றிணைந்த பின்னர் முதுமையில் அவர் டிரெஸ்டனுக்குத் திரும்பிக் குடும்பத்தின் தொழிற்சாலையை மீளப் பெற்றார். ஆயினும் பிரக்டிக்கா என்ற பெயர் அவர் கைக்கு வரவில்லை.

அப்பெயரின் தோற்றமும் இதே காலத்தைச் சேர்ந்ததே. உரிமையாளர் சிறையிலிருக்க, அரசுடைமையாக்கப்பட்ட அந்தப் பட்டறை 1949இற் பிரக்டிக்கா கமராவை வெளியிட்டது. அதே நகரின் ஸைஸ் இக்கொன் தொழிற்சாலையிலிருந்து அதே ஆண்டிற் கொன்டாக்ஸ் எஸ் என்ற கமரா வந்தது. ஐங்கோணப் பட்டகத்தின் உதவியால் காட்சியைக் கண்ணுக்கு நேராகக் காட்டிய முன்னோடிக் கமராக்களுள் அதுவும் ஒன்று. இரண்டிலும் ஒரே திருகுப்புரியே அமைந்திருந்தது: 42 மில்லிமீற்றர் விட்டம், சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் இடைவெளி. விளிம்பிலிருந்து படச்சுருளுக்கு 45.46 மில்லிமீற்றர். உலகெங்கும் பல கோடிப் படங்களை எடுத்த வில்லைகளின் அளவு இதுவே.

யேனாவும் பெயர் வழக்கும்

கமரா டிரெஸ்டனிற் பிறந்ததெனின், வில்லைகளின் தாயகம் யேனா. கார்ல் ஸைஸ் 1846இல் அங்கு பட்டறை அமைத்தார். இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபேயும் கண்ணாடி வல்லுநர் ஒட்டோ ஷொட்டும் அதனை உலகின் முதல்தர ஒளியியல் நிறுவனமாக உயர்த்தினர். 1902இல் அங்கு உருவான டெஸ்ஸார் என்னும் நான்கு கண்ணாடி வில்லையமைப்பு இன்றும் பின்பற்றப்படுகின்றது.

1945 ஏப்ரலில் யேனாவை அமெரிக்கப் படையினர் கைப்பற்றினர். ஆனால் அப்பிரதேசம் சோவியத் பொறுப்பிற் செல்லவேண்டும் என்பது நேச நாடுகளின் உடன்படிக்கை. ஆகவே வெளியேறுமுன் அமெரிக்கர்கள் ஸைஸ், ஷொட் நிறுவனங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்களைக் குடும்பங்களோடு ஏற்றிக்கொண்டு மேற்கே ஹைடன்ஹைம் பகுதிக்குக் கொண்டுசென்றனர். அவர்கள் ஒபர்கொகன் என்ற சிற்றூரிற் புதிய ஸைஸ் நிறுவனத்தைக் கட்டினர். கண்ணாடி செய்வோர் சில ஆண்டுகளின் பின் மைன்ஸ் நகரிற் குடியமர்ந்தனர். யேனாவில் எஞ்சியோருக்கும் அமைதி கிட்டவில்லை. 1946 ஒக்டோபர் 22ஆம் நாள் அதிகாலையில், சோவியத் பகுதியெங்கும் 2,000க்கும் மேற்பட்ட தொழில் வல்லுநர்கள் குடும்பங்களோடு புகைவண்டியில் ஏற்றப்பட்டுச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிடையே ஸைஸ் ஊழியரும் இருந்தனர். தொழிற்சாலை இயந்திரங்களிற் பெரும்பகுதியும் போர் இழப்பீடாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. மறுநாள் எங்கே விழிப்போம் என்றறியாது மூட்டை கட்டிய அக்குடும்பங்களின் நிலையை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இவ்வாறு ஒரு ஸைஸ் இரண்டாயிற்று. ‘நாமே உண்மையான ஸைஸ்’ என இரு தரப்பும் பல நாட்டு நீதிமன்றங்களில் நீண்டகாலம் வழக்காடின. 1971இல் இலண்டனில் ஏற்பட்ட உடன்பாடே அதற்கு ஓர் எல்லை வகுத்தது. இவ்வழக்கின் தடயத்தை வில்லைகளில் இன்றும் காணலாம். மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியான யேனா வில்லைகள் சிலவற்றில் ஸைஸ் என்ற பெயர் இராது. ‘யேனாவிலிருந்து’ எனப் பொருள்படும் இரு ஜேர்மன் சொற்களே இருக்கும். டெஸ்ஸாருக்குப் பதில் டீ, பயோட்டாருக்குப் பதில் பீ, ஸொன்னாருக்குப் பதில் எஸ் என்று தனியெழுத்து மட்டும் காணப்படும். கொன்டாக்ஸ் கமராவும் இதே காரணத்தால் ஏற்றுமதியிற் பென்டகொன் எனப் பெயர் மாறியது. பெயரெழுத்துக் குறைந்த வில்லையைப் போலி என நினைத்து ஒதுக்கிவிடலாகாது. உள்ளிருக்கும் கண்ணாடி அதே கண்ணாடிதான்.

கிழக்கே பரவிய புரி

யேனாவின் 58 மில்லிமீற்றர் பயோட்டார் வில்லையின் அமைப்பைத் தழுவி, மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை ஹீலியோஸ் 44 என்ற வில்லையைச் செய்தது. ஸெனித் கமராக்களுடன் அது பெருந்தொகையில் உலகெங்கும் சென்றது. பழைய ஸொன்னாரின் அமைப்பு ஜூப்பிட்டர் என்ற பெயரிற் சோவியத் நாட்டில் வாழ்ந்தது. நைசே ஆற்றங்கரையிலுள்ள கேர்லிற்ஸ் நகரம் 1945இல் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி போலந்தின் கீழ் வந்தபோது, ஜேர்மன் கரையில் எஞ்சிய மயர் தொழிற்சாலையும் 42 மில்லிமீற்றர் புரிக்கு வில்லைகளைச் செய்தது. பென்டகொன் 50 மில்லிமீற்றர் வில்லை அங்கு பிறந்ததே.

யப்பானின் அசாஹி நிறுவனம் 1957இல் தனது பென்டாக்ஸ் கமராவுக்கு இப்புரியையே ஏற்றது. அதனால் டிரெஸ்டனிற் பிறந்த புரியைப் பென்டாக்ஸ் புரி என்றே பலர் அழைக்கலாயினர். அந்நிறுவனத்தின் வில்லைகளுக்கு டகுமார் என்று பெயர். நிறுவனத்தைத் தொடங்கிய குமாவோ கஜிவாராவின் சகோதரர் தகுமா, அமெரிக்காவிற் குடியேறி ஒளிப்படக் கலைஞராகவும் ஓவியராகவும் வாழ்ந்தவர். அவருடைய பெயரே வில்லைக்கு இடப்பட்டது. புலம்பெயர்ந்த ஒருவரின் பெயர் இவ்வாறு நாடு நாடாகச் சென்றது.

1975இற் பென்டாக்ஸ் திருகுப்புரியைக் கைவிட்டுத் திருப்பிப் பூட்டும் அமைப்புக்கு மாறியது. டிரெஸ்டனின் பென்டகொன் நிறுவனம் 1990இற் கலைக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பிரிந்திருந்த இரு ஸைஸ் நிறுவனங்களும் 1991இல் மீண்டும் இணையும் வழி பிறந்தது.

எம்மவர்க்கும் இந்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1980களின் நடுப்பகுதியில் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் கிழக்கு பெர்லினின் ஷேனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகரப் புகைவண்டியில் மேற்கு பெர்லினை அடைந்து புகலிடம் கோரினர். அவர்கள் கடந்துசென்ற அந்நாளிலே, பிரக்டிக்காவும் யேனா வில்லைகளும் அதே நாட்டில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தன.

தெரிவு செய்வது எவ்வாறு?

இவ்வரலாற்றை அறிந்தபின் தெரிவு எளிதாகும். பெயர்கள் மாறின, வழக்கில் இழுபட்டன. தொழிற்றிறனோ அதைக் கற்ற மனிதரோடு சென்று, சென்ற இடத்தில் மீண்டும் வேரூன்றியது. ஆதலால் புகழ்பெற்ற பெயருக்குப் பெரும்பணம் கொடுப்பதிலும், பொருத்தமும் உடல்நலமும் உள்ள வில்லையைத் தேடுவதே அறிவுடைமை.

முதலில் புரியைப் பார்க்க வேண்டும். 39 மில்லிமீற்றர் புரியில் இருவகை உண்டு. லைக்கா வகை ஒன்று. தொடக்ககால ஸெனித் வகை மற்றொன்று. ஸெனித் வில்லை லைக்காவில் திருகப்படும். ஆனால் விளிம்புத் தூரம் வேறாதலால் குவியம் அமையாது. 42 மில்லிமீற்றரிலும் தொலைநோக்கி இணைப்புகளுக்குப் பயன்படும் 0.75 மில்லிமீற்றர் இடைவெளிப் புரி ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்குள் இறுகினால் வலிந்து திருகலாகாது, புரி கெட்டுவிடும்.

அடுத்தது பின்புறத்தில் உள்ள சிறு ஊசி. படமெடுக்கும் கணத்தில் கமரா அதனை அழுத்த, ஒளித்துளை சுருங்கும். பழைய கமராக்கள் சிலவற்றில் அவ்வூசியை அழுத்தும் தகடு கிடையாது. அத்தகைய கமராவுக்கு, தானியங்கி முறையிலிருந்து கைமுறைக்கு மாற்றும் சிறு ஆளி கொண்ட வில்லையையோ ஊசியற்ற பழைய வில்லையையோ வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது கண்ணாடியின் நலம். ஒரு சிறு ரோச் வெளிச்சத்தை ஒரு புறம் பிடித்து மறுபுறத்தால் நோக்கினால் உள்ளே உள்ளது தெரியும். சிலந்தி வலை போலப் பரவியிருப்பது பூஞ்சணம். ஈரமான நிலவறையில் தோலுறையோடு கிடந்தவற்றில் இது சாதாரணம். அத்தகைய வில்லையை விட்டுவிடுவதே நன்று. வாங்கினும் ஏனையவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது. வெண்புகை போன்ற மங்கல் படத்தின் தெளிவைக் கெடுக்கும். முன்கண்ணாடியில் ஓரிரு கீறல்கள் இருப்பதாற் பெருந்தீங்கில்லை. ஒளித்துளையின் இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அவை ஒட்டிக்கொள்ளும். குவிய வளையம் மிக இறுகியிருப்பின் உள்ளிருக்கும் கிறீஸ் காய்ந்துவிட்டது என அறிக. அதைச் சீர்செய்யும் கூலி வில்லையின் விலையை மிஞ்சக்கூடும்.

50 மில்லிமீற்றர் சுப்பர் டகுமார் வில்லைகளில் ஒளி மிகுந்த வகையொன்று மஞ்சள் பூத்துக் காணப்படும். அதன் கண்ணாடியிற் கலந்துள்ள தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமமே அதற்குக் காரணம். சில வாரங்கள் யன்னலோர வெயிலில் வைத்தால் மஞ்சள் பெரிதும் நீங்கும். வழக்கமான பயன்பாட்டிற் கதிர்வீச்சு மிகச் சிறிதே. ஆயினும் அதனைக் கழற்றிக் கண்ணாடியைத் தேய்ப்பதும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

தொடங்குபவருக்கு 50 முதல் 58 மில்லிமீற்றர் வரையான வில்லையொன்று போதும். ஹீலியோஸ், பென்டகொன், டெஸ்ஸார் ஆகியன மலிவிற் கிடைப்பவை, நற்படம் தருபவை. சிறிய குடியிருப்பின் அறைக்குள் பிறந்தநாளுக்குக் கூடும் உறவினர் அனைவரையும் ஒரு படத்தில் அடக்க 35 மில்லிமீற்றர் உதவும். யேனாவின் பிளெக்டோகொன் அவ்வகையிற் பெயர்பெற்றது. முகத்தை மட்டும் எடுக்க 135 மில்லிமீற்றர் ஏற்றது. படச்சுருளுக்குச் செலவிட இயலாதவர் கவலைகொள்ளத் தேவையில்லை. இக்காலத்தின் ஆடியற்ற எண்முறைக் கமராக்களிலும் ஒரு வளையத்தின் துணையோடு இவ்வில்லைகளைப் பூட்டலாம்.

வாங்கிய வில்லையை உலர்ந்த, வெளிச்சமுள்ள அலுமாரியில் வைத்து அடிக்கடி பயன்படுத்துக. பயன்பாட்டிலுள்ள வில்லையைப் பூஞ்சணம் எளிதில் அணுகாது. பிள்ளைகள் அதனைத் திருகப் பழகும்போது, முகப்பு வளையத்தில் உள்ள பெயரையும் அதைச் செய்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிக்கொடுப்பது பெற்றோரின் கடன். அதே வேளையில் வீட்டில் உள்ள பாட்டன் பாட்டியின் முகத்தைத் தாமதியாது படமெடுத்துவிடுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறத்திற் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி வையுங்கள்.